எலி அழுத்திய மிதி

பிறந்து எட்டு நாளான எலிக்குட்டிக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றுகிறார்கள். மருந்தின் பெயர் குளோமிப்ரமின். எட்டாம் நாள் தொடங்கி இருபத்தோராம் நாள் வரை ஏற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். குட்டி தாயிடம் பால் குடித்து மற்றக் குட்டிகளைப் போலவே வளர்கிறது. முழு எலியானதும்தான் வித்தியாசம் தெரிகிறது. இனிப்புத் தண்ணீரையும் வெறும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தால் இனிப்பை மற்ற எலிகளைப் போல் நாடுவதில்லை. நீரில் விட்டால் சீக்கிரமே கால்களை அசைப்பதை விட்டு மிதக்கத் தொடங்குகிறது. தூக்கத்தின் ஒழுங்கும் குலைந்துபோகிறது. நோயைத் தீர்க்கும் மருந்தே, மூளை உருவாகிக்கொண்டிருக்கும் நாட்களில் உள்ளே போனால், நோயைப் போன்ற ஒன்றை ஆயுளுக்கும் விட்டுச் செல்கிறது. 1980களில் உருவான இந்த முறையை உலகின் பல ஆய்வுகூடங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன.

அவற்றுள் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. நிம்ஹான்ஸ் என்று எல்லோரும் சொல்லும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தின் நரம்புடலியல் துறை அது. அங்கே பி.எஸ். சங்கரநாராயண ராவ், டி.ஆர். ராஜு ஆகியோரின் குழு, இப்படிச் சோர்வூட்டப்பட்ட எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்வாய்களைப் பதித்தது. இலக்கு, ஹைப்போதலமஸின் பக்கப் பகுதி வழியாக ஓடும் நடு முன்மூளைக் கற்றை. இன்பம், நாட்டம், முயற்சி ஆகியவற்றோடு தொடர்புடைய நரம்பு இழைகளின் கட்டு அது. காயம் ஆறியபின் எலியை ஒரு பெட்டிக்குள் விடுகிறார்கள். பெட்டியில் ஒரு மிதி. எலி அதை அழுத்தினால் ஒரு நொடிக்கும் குறைவான மின்துடிப்பு அதன் மூளைக்குப் போகிறது. எலி மீண்டும் அழுத்துகிறது. நாள்தோறும் அழுத்துகிறது. 2019இல் ‘பிரெய்ன் ஸ்டிமுலேஷன்’ ஆய்விதழில் முடிவு வெளியானது. சோர்வு நடத்தை குறைந்தது, கற்றலில் இருந்த பின்னடைவு சீரானது, முன்மூளைப் புறணியின் நரம்பணுக்கள் தம் இணைப்புகளை மாற்றியமைக்கும் திறனும் பெருமளவு மீண்டது.

இந்த முடிவுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அந்தத் துறையைக் கட்டியெழுப்பிய டி. தேசிராஜுவின் காலத்திலேயே மிதி அழுத்தும் எலிகள் அங்கே இருந்தன. 1993இல் ராவ், தேசிராஜு, ராஜு மூவரும் ‘பிரெய்ன் ரிசர்ச்’ இதழில் எழுதிய கட்டுரை, மிதி அழுத்திய எலிகளின் ஹிப்போகம்பஸிலும் இயக்கப் புறணியிலும் நரம்பணுக்களின் கிளைகள் கூடியிருப்பதைக் காட்டியது. 1998இல் ராவ், ராஜு, பி.எல். மெட்டி ஆகியோர் அதே இடங்களில் நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருட்களான நோரட்ரினலின், டோபமின், குளுட்டமேட் ஆகியவை உயர்ந்திருப்பதையும், செரோடோனின் உயராமல் இருப்பதையும் அளந்தார்கள். 2008இல் இன்னொரு படி. நாட்கணக்கில் அசையவிடாமல் அடைத்துவைக்கப்பட்ட எலிகளின் ஹிப்போகம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கிப்போகும், வழி நினைவும் கெடும். மிதி கொடுத்தபின் கிளைகள் திரும்ப விரிந்தன, நினைவும் திரும்பியது. தென்னாசியாவில் மூளைத் தூண்டலையும் மனச்சோர்வையும் சேர்த்து யோசிப்பவர் யாராயினும் முதலில் படிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான். மேற்கிலிருந்து வரும் செய்திகளின் இரைச்சலில் இது போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

மிதி பெங்களூரில் பிறந்ததல்ல. 1954இல் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைத்தண்டில் விழிப்போடு தொடர்புடைய பகுதியைத் தேடிப்போனார்கள். ஒரு எலியின் மின்வாய் இலக்குத் தவறி வேறிடத்தில் இறங்கியது. அந்த எலி, மின்சாரம் கிடைத்த மூலைக்கே திரும்பத் திரும்பப் போனது. பின்பு மிதி வைத்தபோது சில எலிகள் ஒரு மணித்தியாலத்தில் ஆயிரக்கணக்கான தடவை அழுத்தின. மூளையில் இன்பத்துக்கு ஒரு பாதை உண்டு என்ற கருத்து இந்தக் கைத்தவறில் இருந்துதான் வந்தது.

மனிதர்களுக்கு வருவோம். ஆழ்மூளைத் தூண்டல் என்பது, மண்டையோட்டில் சிறு துளையிட்டு மூளையின் ஆழத்தில் மின்வாயை வைத்து, காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் பதித்த மின்கலப் பொறியில் இருந்து இடைவிடாமல் மின்துடிப்பு அனுப்புவது. பிரான்சின் கிரெனோபிளில் அலிம் லூயி பெனாபிட் 1987இல் நடுக்க நோய்க்கு இதன் நவீன வடிவத்தைக் கொண்டுவந்தார். நொடிக்கு 130 துடிப்பு என்ற அளவு அந்தக் காலத்தில் இருந்து இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பார்கின்சன் நோயில் அது பெற்ற வெற்றி சந்தேகத்துக்கு இடமில்லாதது.

மனச்சோர்வுக்கான கதை 2005இல் டொரன்டோவில் தொடங்குகிறது. ஹெலன் மேபர்க், ஆண்ட்ரஸ் லொசானோ குழு ஆறு பேருக்கு மின்வாய் பதித்தது. மருந்துகள், பேச்சுச் சிகிச்சை, மின்னதிர்வுச் சிகிச்சை எதற்கும் அசையாத சோர்வு அவர்களுடையது. இலக்கு, நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் ப்ரோட்மன் 25ஆம் பகுதி. அறுவை மேசையில் விழித்தபடி இருந்த சிலர், மின்சாரம் போட்ட உடனேயே மனம் இலேசானதாகவும், அறையின் நிறங்கள் தெளிந்ததாகவும் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து நால்வர் தேறியிருந்தார்கள். கேட்ட உலகம் எழுந்து நின்றது.

இங்கே ஒரு விசித்திரம். வழக்கமாக ஒரு சிகிச்சை எலியில் தொடங்கி மனிதருக்கு வரும். இதில் மனிதருக்கு முதலில் செய்துவிட்டு, ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள எலியிடம் போனார்கள். டொரன்டோவிலேயே கிளமென்ட் ஹமானி, எலியின் முன்மூளையின் அடி உட்புறத்தை 25ஆம் பகுதிக்கு நிகரானதாக எடுத்துக்கொண்டார். 2010இல் வந்த முடிவு, அங்கே நொடிக்கு 130 துடிப்புக் கொடுத்தால் எலி நீரில் அசைவற்றிருக்கும் நேரம் குறைகிறது என்றது. செரோடோனின் நரம்பணுக்களை முன்கூட்டியே அழித்துவிட்ட எலிகளில் அந்தப் பலன் மறைந்துபோனது. நோரட்ரினலின் இழைகளை அழித்தபோது மறையவில்லை. ஆக, மின்சாரம் புறணியில் விழுந்தாலும் வேலை நடப்பது மூளைத்தண்டின் ராஃபே கருவில் இருந்து வரும் செரோடோனின் வழியாக. 2012இல் அதே குழு, நெடுநாள் தொல்லைக்கு உட்படுத்தப்பட்ட எலிகளிலும் இதைக் காட்டியது. இனிப்புத் தண்ணீர் மீதான நாட்டம் மீண்டது, அங்கும் செரோடோனின் இல்லாத எலிகளில் மீளவில்லை.

எலி நீரில் அசைவற்றிருக்கும் நேரத்தை மனச்சோர்வின் அளவாக எப்படிக் கொள்கிறார்கள்? பலர் தாண்டிப் போகும் கேள்வி இது. 1977இல் பிரான்சில் ரோஜர் போர்சோல்ட் கண்ட சோதனை அது. கண்ணாடி உருளையில் நீர் நிரப்பி, வெளியேற வழியில்லாத அதற்குள் எலியை 15 நிமிடம் விடுவார்கள். அடுத்த நாள் மீண்டும் 5 நிமிடம். முதல் நாள் சுவரைப் பிறாண்டிப் போராடிய எலி, இரண்டாம் நாள் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். சோர்வு மருந்து கொடுத்தால் கூடுதல் நேரம் போராடும். மருந்து நிறுவனங்களுக்கு இது வசதியாகப் போயிற்று. மலிவு, விரைவு, எண்ணுவது எளிது. ஆனால் மிதக்கும் எலி மனமுடைந்த எலிதானா? வெளியேற வழியில்லை என்று கற்றுக்கொண்டு சக்தியைச் சேமிக்கும் கெட்டிக்கார எலியாகவும் இருக்கலாம். இந்தச் சோதனையில் மருந்து ஓரிரு நாளில் பலிக்கிறது, மனிதருக்கோ வாரக்கணக்கில் ஆகிறது. அதோடு, ஹமானியின் 2010 ஆய்வு போன்றவற்றில் மின்சாரம் பெற்ற எலிகள் சோர்வூட்டப்பட்டவையே அல்ல, சாதாரண எலிகள். எந்த மனநோய் மருத்துவரும் நோயில்லாதவர் மூளையில் மின்வாய் வைப்பதில்லை. பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் இந்த நீச்சல் சோதனையைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதில் எனக்கு வியப்பில்லை. காலம் கடந்து வந்த முடிவு அது.

இதைவிட நம்பகமான முறை ஒன்றை 1987இல் இங்கிலாந்தில் போல் வில்னர் கொண்டுவந்தார். மிதமான நெடுநாள் தொல்லை என்று அதைச் சொல்லலாம். வாரக்கணக்கில் எலிக்குச் சிறுசிறு துன்பங்கள். கூண்டின் படுக்கைத் தூளை நனைத்துவிடுவது, கூண்டைச் சாய்த்து வைப்பது, உணவையும் தண்ணீரையும் சில மணித்தியாலம் எடுத்துவிடுவது, இரவு முழுவதும் விளக்கைப் போட்டு வைப்பது, தெரியாத எலியைக் கூண்டுக்குள் விட்டு நெருக்குவது. ஒன்றும் கொடூரமானதல்ல. எது எப்போது வரும் என்று எலிக்குத் தெரியாது என்பதுதான் முக்கியம். மெல்ல மெல்ல எலி இனிப்பை நாடுவதை விடுகிறது. மருந்து கொடுத்தால் மனிதரைப் போலவே சில வாரங்களில் தேறுகிறது.

கினிகத்தேனையில் இருந்துகொண்டு இந்தப் பட்டியலைப் படிப்பது சங்கடமான அனுபவம். அவிசாவளையில் இருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில், இலங்கையிலேயே அதிக மழை விழும் இடங்களுள் ஒன்று இது. வைகாசியில் தென்மேல் பருவக்காற்று ஏறினால் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக் கூரைத் தகரம் ஒழுகாத வீடு அபூர்வம். ஈரப் படுக்கை, பத்தடிக் காம்பராவுக்குள் இரண்டு குடும்பம், அட்வான்ஸ் பிடித்தபின் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்று மாதக்கடைசிவரை நிச்சயமில்லாத நிலை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்த நிறை 18 கிலோவா 20 கிலோவா என்பதைத் தீர்மானிப்பது கொழுந்து பறிப்பவர் அல்ல. லயத்தில் வாழ்பவரை எலியோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. தொழிற்சங்கம், கோயில் திருவிழா, காமன்கூத்து, பக்கத்து வீட்டார், கொழும்பில் இருந்து அழைக்கும் மகன் என்று மனிதரைத் தாங்கும் எதுவும் கூண்டில் இல்லை. ஆனால் வில்னரின் ஆய்வுகூடம் செயற்கையாக உருவாக்க வேண்டியிருந்த நிலைமைகளை ஒரு சமூகத்துக்கு 200 ஆண்டுகளாக இயல்பாகவே கொடுத்துவைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்கவும் முடியாது.

மனிதப் பரிசோதனைகள் என்னவாயின? எழுந்து நின்ற உலகம் மெல்ல உட்கார்ந்தது. அமெரிக்காவில் 25ஆம் பகுதியில் 90 பேருக்கு மின்வாய் பதித்து, ஒரு பகுதியினருக்கு மின்சாரத்தைப் போட்டும் மற்றவர்களுக்குப் போடாமலும், யாருக்கு எது என்று நோயாளிக்கோ மதிப்பிடுபவருக்கோ சொல்லாமலும் ஒரு பெரிய சோதனை நடந்தது. ‘ப்ரோடன்’ என்பது அதன் பெயர். ஆறு மாத முடிவில் மின்சாரம் பெற்றவர்களில் 20 வீதமும் பெறாதவர்களில் 17 வீதமும் தேறியிருந்தனர். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2017இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வெளியானது. அதற்கு முன்பே, மூளையின் உட்காப்ஸ்யூல் என்னும் இழைக்கட்டின் அடிப்பகுதியை இலக்காகக் கொண்டு 30 பேரிடம் நடந்த ‘ரிக்ளெய்ம்’ சோதனையும் 2015இல் இதே போன்ற விடையோடு முடிந்திருந்தது.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. ப்ரோடனில் பங்கெடுத்தவர்களை இரண்டு ஆண்டுவரை தொடர்ந்து கவனித்தபோது ஏறக்குறைய பாதிப்பேர் தேறியிருந்தார்கள். பத்து, பதினைந்து ஆண்டு எதற்கும் அசையாத நோய் அது, தானாகத் தேறுவது அரிது. நெதர்லாந்தில் 2016இல் வெளியான ஆய்வில் 25 பேரில் 10 பேர் தேறினர். அவர்களில் சிலரிடம் பின்பு தெரியாமல் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தபோது சோர்வு திரும்பியது. மேபர்க்கின் குழு மூளையின் வெள்ளைப்பொருள் இழைகளை ஸ்கானில் வரைந்து, நான்கு கற்றைகள் சந்திக்கும் புள்ளியில் மின்வாயை இறக்கத் தொடங்கியது. 2018இல் அவர்களின் 11 நோயாளிகளில் 9 பேர் ஓராண்டில் தேறியிருந்தார்கள். ஜெர்மனியின் ஷ்லேப்ஃபர், கோனென் குழு 2013இல் தேர்ந்தெடுத்தது, பெங்களூர் எலிகளிடம் பார்த்த அதே நடு முன்மூளைக் கற்றையின் மனித வடிவத்தை. ஏழு பேரில் ஆறு பேர் சில நாட்களிலேயே மாற்றம் கண்டனர். சிறு எண்ணிக்கைகள்தாம். ஆனாலும் இவை சொல்லும் திசை ஒன்று. மின்சாரம் விழ வேண்டியது ஒரு புள்ளியில் அல்ல, பாதைகளில்.

எலி ஏன் இவ்வளவு நம்பிக்கையூட்டியது, மனிதரிடம் அது ஏன் தடுமாறியது? இரு மூளைகளின் அளவு வேறுபாடு மட்டும் காரணமல்ல. எலியின் மூளை 2 கிராம், நம்முடையது 1,400 கிராம் என்பது தெரிந்த விஷயம். அதைவிட ஆழமான ஒரு முரண் இருக்கிறது. மேபர்க் 25ஆம் பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மூளைப் படங்களில் சோர்வுற்றவர்களிடம் அது மிகையாக இயங்குவது தெரிந்ததுதான். மின்சாரம் அதை அமைதிப்படுத்தும் என்பது எதிர்பார்ப்பு. எலியில் நடந்த பல ஆய்வுகளிலோ அதற்கு நிகரானதாகக் கருதும் பகுதி இயங்கினால்தான் எலி தேறுகிறது, அமைதியானால் கெடுகிறது. இரண்டும் ஒரே பகுதியின் கதை என்றால், ஒன்று எலியை நாம் தவறாகப் படிக்கிறோம், அல்லது மின்சாரம் அமைதிப்படுத்துகிறது என்ற எண்ணம் தவறு. ஒளியால் நரம்பணுவை இயக்கும் முறையைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசரோத்தின் குழு இதில் கொஞ்சம் வெளிச்சம் காட்டியது. 2012இல் மெலிசா வார்டன் முதலானோர் முன்மூளைப் புறணியின் உட்பகுதியைப் பாகுபாடின்றித் தூண்டிப் பார்த்தார்கள், நீரில் எலி கூடுதலாகப் போராடவில்லை. புறணியில் இருந்து ராஃபே கருவுக்குப் போகும் இழைகளை மட்டும் தூண்டினார்கள், போராடியது. ஒரே இடத்தில் இருந்து புறப்படும் பல பாதைகளில் ஒன்றுதான் இங்கே பேசுகிறது.

அந்தப் பாதை எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்தத் துறை எனக்குக் கற்றுத்தந்ததில் மிகப் பெரியது. 1967இல் ஸ்டீவன் மேயரும் மார்ட்டின் செலிக்மனும், தப்பமுடியாத மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள் பின்பு தப்ப வழி கொடுத்தாலும் தப்ப முயல்வதில்லை என்று காட்டினார்கள். கற்ற கையறுநிலை என்று அது புகழ் பெற்றது. மேயர் அதோடு நிற்காமல் எலிகளில் பல பத்தாண்டுகள் அதே கேள்வியைத் துருவினார். இரண்டு எலிகள், இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நேர அதிர்ச்சி. ஒன்றின் முன்னால் ஒரு சக்கரம், அதைச் சுழற்றினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். மற்ற எலிக்குச் சக்கரம் கிடையாது. துன்பத்தின் அளவில் இம்மியும் வேறுபாடில்லை. ஆனால் சக்கரம் இல்லாத எலி மட்டும் பின்பு சோர்வுறுகிறது, பயப்படுகிறது, கற்க மறுக்கிறது. 2005இல் ஆமட், மேயர் முதலானோர், சக்கரம் சுழற்றும் எலியின் முன்மூளை அடி உட்புறத்தைத் தற்காலிகமாக உறங்கவைத்தார்கள். எலி சக்கரத்தைச் சுழற்றத்தான் செய்தது, அதிர்ச்சியை நிறுத்தத்தான் செய்தது. இருந்தும் சக்கரமே இல்லாத எலி போலச் சோர்ந்துபோனது. 2008இல் மறுபக்கம் பார்த்தார்கள். சக்கரமே இல்லாத எலியின் அதே பகுதியை மருந்தால் இயங்கவைத்தபோது, தன் கையில் சக்கரம் இருந்ததுபோல் அது பாதுகாக்கப்பட்டது. 2016இல் மேயரும் செலிக்மனும் தங்கள் பழைய கருத்தையே திருத்தி எழுதினார்கள். கையறுநிலை கற்றுக்கொள்வதல்ல, நீண்ட துன்பத்துக்கு மூளைத்தண்டின் இயல்பான பதில் அது. கற்றுக்கொள்வது, ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதைத்தான். அதைக் கண்டறிந்து ராஃபே கருவுக்குப் பிரேக் போடுவது முன்மூளையின் அந்தப் பகுதி.

அது எந்தப் பகுதி? ஹமானி மின்வாய் பதித்த இடம் அதுதான். 25ஆம் பகுதிக்கு நிகர் என்று சொல்லப்படும் இடமும் அதுதான். ஆழ்மூளைத் தூண்டல் எலியில் செய்வதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எலியிடம் இல்லாத சக்கரத்தை மின்சாரம் இருப்பதுபோல் காட்டுகிறது. இது என் வாசிப்பு, துறையின் ஒருமித்த முடிவல்ல. உயர் அதிர்வெண் மின்துடிப்பு நரம்பணுவை இயக்குகிறதா, அடக்குகிறதா, அல்லது அதன் தாளத்தை வெறுமனே குலைக்கிறதா என்பதில் இன்னும் சச்சரவு தீரவில்லை. ஆனால் நிம்ஹான்ஸின் எலிகளையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மின்சாரம் தானாக வரவில்லை. எலியே மிதியை அழுத்தியது. தேறியது மின்சாரத்தாலா, அழுத்த முடிந்ததாலா? இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஒரு எலி அழுத்தும்போது அதே மின்சாரம் மிதி இல்லாத இன்னொரு எலிக்கும் போகும்படி அமைக்க வேண்டும். மனிதருக்கான கருவியில் மிதியே கிடையாது. பொறியை மருத்துவர் அமைப்பார், நோயாளிக்கு அது ஓடுவதே தெரியாது. விலங்கில் தேறிய ஒன்று மனிதரிடம் தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணமா என்று கேட்க எனக்குத் தைரியம் வருவது மேயரின் எலிகளால்.

மனிதரிடமும் இதற்கு நிழல் உண்டு. பிரித்தானிய அரச ஊழியர் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், வேலையில் தன் தீர்மானத்துக்கு இடம் குறைந்தவர்களிடம் இதய நோய் கூடுதலாக இருப்பதை மைக்கேல் மார்மட்டின் குழு 1997இல் காட்டியது. அலுவலகக் கதிரையில் இருப்பவருக்கே அப்படி. பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் நேரமும், நிறையும், பேரும், குடியிருக்கும் காம்பராவின் உரித்தும் பிறர் கையில் இருக்கும் தோட்டத் தொழிலாளரிடம் எனக்குத் தெரிந்து யாரும் அவ்வளவு பொறுமையாக அளந்ததில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோதும், அதற்கு முன்பு 7 பேர்ச் காணியோடு தனிவீடு என்ற திட்டம் வந்தபோதும் நாம் அதைப் பொருளாதாரமாக மட்டுமே பேசினோம். என் பார்வையில் அவை மனநலக் கொள்கைகளும்கூட. தன் பெயரில் உறுதிப்பத்திரம் வைத்திருப்பது மூளைக்குத் தெரியும்.

இதற்காக மின்வாயைப் பழிக்கத் தேவையில்லை. காரணங்கள் எல்லாம் நீங்கியபின்னும், எல்லா மருந்தும் பார்த்தபின்னும், மின்னதிர்வுச் சிகிச்சைக்கும் இறங்காத சோர்வில் ஆண்டுக்கணக்கில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வாழ்வாகலாம். 2023இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், 25ஆம் பகுதியில் மின்வாய் பெற்ற 10 பேரில் 9 பேர் 24 வாரத்தில் தேறினார்கள். அவர்களின் மூளை அலையில் இருந்தே தேறுவதைக் கண்டறியும் அடையாளம் ஒன்றும் கிடைத்தது. 2024இல் அபொட் நிறுவனம் அமெரிக்காவில் இதற்குப் புதிய பெருஞ்சோதனையை அறிவித்தது. அதன் முடிவு வரும்வரை இது ஆய்வு, சிகிச்சை அல்ல. இலங்கைக்கு இன்னொரு தடையும் உண்டு. இந்தியா தன் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் கட்டாயம் என்று எழுதிவைத்தது. இங்கேயோ 1873இல் பிறந்து 1956இல் திருத்தப்பட்ட சட்டத்தோடு நெடுங்காலம் ஓட்டிவந்திருக்கிறோம். மூளைக்குள் கம்பி இறக்கும் காலத்துக்கு அது போதாது.

எளிய ஏற்பாடுகள் எவ்வளவு செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்று இலங்கையுடையது. ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில். அந்த ஆண்டு தொடங்கி மிக நச்சான பீடைகொல்லிகளையும், 2008 முதல் 2011 வரையில் தேயிலைத் தோட்டங்களில் புல்லுக்கு அடித்துவந்த பரகுவாட்டையும் இன்னும் சிலவற்றையும் அரசு படிப்படியாகத் தடை செய்தது. இருபதாண்டுகளில் வீதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக 2017இல் ஆய்வாளர் கணித்தனர். அந்த 93,000 பேரில் ஒருவரின் மூளையிலும் யாரும் எதையும் மாற்றவில்லை. சோர்வு குணமாகவுமில்லை, ஒரு கெட்ட நேரத்தைக் கடக்க அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான். இன்றைய நிலையில் மின்வாய் ஒன்றின் செலவுக்கு, தமிழ் பேசும் மனநல வைத்திய அதிகாரி ஒருவரைத் தோட்டம் தோட்டமாக அனுப்ப முடியும் என்றால், நான் அதிகாரியைத்தான் கேட்பேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ‘உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, சாப்பாடு இறங்கல’ என்று திரும்பத் திரும்ப வருபவருக்குப் பனடோல் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமில்லாமல் இருப்பவரை அரச வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பார்வைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை. மருந்து பலிக்க மூன்று, நான்கு வாரமாகும், இடையில் நிறுத்தக் கூடாது. அவசரத்துக்கு அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.